தொடுப்புக்குத் தொடுப்பு: வரவா, செலவா?

(இணையத்தளம் நடத்தும் தமிழன்பர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் பார்வைக்குச் சிறியது. ஆனால், அதனால் ஓர் இளைஞரின் உழைப்பு நிற்கவும் கூடும், வீழவும் கூடும். அவர் இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. பழைய தமிழ் நூல்கள் ஒன்பதைத் தம் கைப்பணத்தில் மறுபதிப்பிட்டு, அவற்றை விற்பதற்கென ஒரு சிறு இணையத்தளம் தொடங்கியிருக்கிறார். நூல்கள் அவர் வீட்டுக் கூடத்தில் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. தளத்துக்கு வருவோர் தொகையோ விரல்விட்டு எண்ணத்தக்கது. அந்நிலையில் அவருக்கு ஒரு மடல் வந்தது. 'எங்களிடம் 41 தளங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் உம் தளத்துக்குத் தொடுப்புக் கொடுக்கும். நீவிர் உம் முகப்பில் அந்த 41 தளங்களுக்கும் தொடுப்புக் கொடுத்தால் போதும். ஒரு காசும் செலவில்லை. தேடுபொறியில் உம் தளம் மேலேறும்' என்பது அம்மடலின் சாரம். 'ஐயா, சேரலாமா?' என்று என்னைக் கேட்டார். 'சேராதே' என்று ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால், கரணியம் தெரியாமல் கேட்கும் அறிவுரை நெடுநாள் நிற்பதில்லை. அடுத்த மடல் வேறு வடிவில் வரும்போது அவர் மீண்டும் தடுமாறுவார். ஆதலால், வேரிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'இலிங்கு' என்று வழங்குவதை நாம் தொடுப்பு என்கிறோம். இணைப்பு என்பாரும் உளர். எனக்குத் தொடுப்பு என்பதே பொருத்தமாகப் படுகிறது. பூத்தொடுப்பதும் அச்சொல்லே, அம்பு தொடுப்பதும் அச்சொல்லே. தொடுத்த அம்பு ஒரு முகமாகத்தான் செல்லும். இணையத் தொடுப்பும் அத்தகையதே. என் பக்கத்திலிருந்து உம் பக்கத்துக்கு நான் தொடுப்பு வைத்தால், உம்மிடம் இசைவு கேட்க வேண்டுவதில்லை. நீவிர் திருப்பித் தொடுக்கவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. திம் பெர்னர்சு இலீ 1989ஆம் ஆண்டு தம் திட்டத்தை எழுதி, 1991இல் உலகின்முன் வைத்தபோது இவ்வொருமுகத் தொடுப்பையே மேற்கொண்டார். அவருக்கு முன்பே இத்துறையில் சிந்தித்த தெட்டு நெல்சன் போன்றோர் இருமுகத் தொடுப்பே வேண்டும் என்றனர். இருமுகம் என்றால் இரு பக்கமும் ஒருங்கே பதிவு செய்யவேண்டும். யாரேனும் ஒருவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒருமுகம் என்றாலோ யாரையும் கேளாமல் எவரும் தொடுக்கலாம். இணையம் இத்துணை விரைவாகப் பரந்ததற்கு அவ்வெளிமையும் ஒரு கரணியம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேளாமல் கொடுக்கப்படுவதனால்தான் தொடுப்புக்கு மதிப்பு உண்டாயிற்று. ஒருவர் தம் கட்டுரையில் இன்னொரு பக்கத்தைச் சுட்டினால், 'அது படிக்கத்தக்கது' என்று அவர் சான்று பகர்வதாகக் கொள்ளலாம் அல்லவா? அறிவியல் இதழ்களில் ஓர் ஆய்வுரையைப் பிற ஆய்வுரைகள் எத்துணை முறை மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணும் வழக்கம் முன்பே உண்டு. யூசீன் கார்பீல்டு 1955இல் அக்கருத்தை எழுதினார். 1960களில் மேற்கோள் அடைவும் வெளிவந்தது. அமெரிக்க நாட்டின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற இலாரி பேச், செர்கே பிரின் என்னும் இருவரும் அவ்வழக்கத்தை இணையத்துக்குப் பொருத்தினர். 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரையில் அதன் வாய்பாடு உள்ளது. அவ்வாண்டே கூகுள் நிறுவனமும் தோன்றியது.

அவ்வாய்பாடு கடினமானதன்று. தாளும் எழுதுகோலும் இருந்தால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.15 என்று ஓர் அடிமதிப்பு உண்டு. ஒரு பக்கம் தன் மதிப்பைத் தன்னிடமிருந்து புறப்படும் தொடுப்புகளுக்கு ஒப்பப் பங்கிடும். அப்பங்கை 0.85ஆல் பெருக்கி, தொடுக்கப்பட்ட பக்கத்தின் மதிப்போடு கூட்டவேண்டும். அவ்வளவே. யாரும் தொடுக்காத தனிப்பக்கத்தின் மதிப்பு 0.15. அத்தகைய இரு பக்கங்கள் ஒன்றையொன்று தொடுத்துக்கொண்டால் இரண்டின் மதிப்பும் 1 ஆகிவிடும். பார்த்தீர்களா! ஆறரை மடங்குக்கு மேல் ஏற்றம். வெளியார் ஒருவரும் சான்று பகரவில்லை, இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டனர், மதிப்பு ஏறிவிட்டது. தொடுப்பு மாற்றுவோர் காட்டும் ஆசை இங்கேதான் முளைத்தது. அவர்கள் முழுப்பொய் சொல்லவில்லை என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், நம் இளைஞரின் தளம் தனிப்பக்கமன்று. ஒரு முகப்பும் ஒன்பது நூற்பக்கங்களும் அதில் உண்டு. முகப்பிலிருந்து ஒவ்வொரு நூலுக்கும் தொடுப்பு. ஒவ்வொரு நூற்பக்கத்திலிருந்தும் முகப்புக்குத் தொடுப்பு. அவர் என்னைக் கேட்ட இரவு உட்கார்ந்து கணக்கிட்டேன். வேறு யாரும் தொடுக்காத நிலையில், முகப்பின் மதிப்பு 4.68, ஒவ்வொரு நூற்பக்கத்தின் மதிப்பும் 0.59, பத்துப் பக்கங்களும் சேர்ந்து 10. இனி, மடலில் கண்ட 41 தளங்களும் இவர் தளம் போன்ற அமைப்புடையனவே என்று கொள்வோம். 42 முகப்புகளும் தமக்குள் ஒன்றையொன்று தொடுத்துக்கொள்வதாகவும் கொள்வோம். இப்போது அவர் முகப்பிலிருந்து புறப்படும் தொடுப்புகள் ஒன்பதல்ல, ஐம்பது. கணக்குப் போட்டால், முகப்பின் மதிப்பு 7.50 ஆக ஏறுகிறது. ஆனால், நூற்பக்கம் ஒவ்வொன்றின் மதிப்பும் 0.28 ஆக இறங்கிவிடுகிறது. மொத்தம்? அதே 10தான்! 41 பேரோடு கொள்வினை கொடுப்பினை செய்தும் குடும்பத்துக்குள் ஓர் அணுவளவும் புதிதாக வரவில்லை. ஒன்பது பிள்ளைகளின் இலையிலிருந்து எடுத்து முகப்பின் இலையில் போட்டதுதான் நடந்தது.

இதில் தீங்கு எங்கே என்று கேட்பீர்கள். இவர் தளத்துக்கு வரவேண்டியவர் யார்? ஒரு நூலின் பெயரையோ, அதன் ஆசிரியரின் பெயரையோ தேடுபொறியில் இட்டுத் தேடுபவர். அவருக்கு விடையாக வந்து நிற்கவேண்டியது நூற்பக்கம், முகப்பு அன்று. இவரது கடையின் பெயரை உலகில் எவரும் இன்னும் தேடத் தொடங்கவில்லை. ஏறவேண்டியது இறங்கிற்று, ஏறத் தேவையில்லாதது ஏறிற்று. இன்றைய தேடுபொறி இவ்வொரு வாய்பாட்டை மட்டும் கொண்டு இயங்குவதில்லை. நூற்றுக்கணக்கான அளவைகளைச் சேர்த்தே பார்க்கிறது. ஆயினும் தொடுப்பு மாற்றுவோர் தம் பக்கம் நிற்பதாக நம்புவது இவ்வாய்பாட்டைத்தானே? அதுவே அவர்க்கு எதிராகச் சான்று கூறுகிறது என்பதை நீங்கள் காணவேண்டும் என்றே இத்துணை விரிவாகச் சொன்னேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். தேடுபொறிகள் இத்துணை வலிமை பெறுவதற்கு முன்பே மாற்றுமுறை இருந்தது. 1996இல் தோனி சீ, சஞ்சய் மதன் என்னும் இளைஞர் இருவர் அமெரிக்காவில் 'இலிங்கு எக்சுசேஞ்சு' என்னும் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினர். அவர்தம் முறை இது: உம் பக்கத்தில் பிற உறுப்பினரின் விளம்பரப் பட்டையை இரண்டு முறை காட்டினால், உம் பட்டை வேறோர் உறுப்பினர் பக்கத்தில் ஒரு முறை காட்டப்படும். எஞ்சிய ஒன்று? அது நிறுவனத்துக்கு. அவ்விடத்தைப் பணம் கொடுக்கும் விளம்பரதாரர்க்கு அவர்கள் விற்றனர். இரண்டு கொடுத்து ஒன்று பெறும் வணிகம்! நூறு முறை காட்டினால் ஒருவர் அழுத்துவார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உம் பக்கம் ஆயிரம் முறை பார்க்கப்பட்டால், பத்துப் பேரை வெளியே அனுப்பி ஐந்து பேரை உள்ளே பெறுவீர்கள். உறுப்பினர் அனைவரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், வந்தோரினும் போனோரே மிகுதி. 1998இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை 26.5 கோடி தாலருக்கு வாங்கிற்று. நூறாயிரக்கணக்கான சிறு தளங்கள் தம் பக்கங்களில் விட்டுக்கொடுத்த பாதியிடம் அங்கே பணமாய்க் குவிந்தது. அந்நிறுவனத்தார் ஏமாற்றினர் என்று நான் சொல்லவில்லை. கணக்கை வெளிப்படையாகவே சொன்னார்கள். போட்டுப் பார்க்கத்தான் பலர் மறந்தார்கள்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வெளியே சென்றவரெல்லாம் நமக்கு இழப்பல்லர். பக்கத்தைப் படித்து முடித்தவர் எப்படியும் போகத்தான் போகிறார். நாம் காட்டிய வழியே போனால் என்ன குறை? நல்ல பக்கத்துக்கு வழிகாட்டியவரிடம் அவர் மீண்டும் வருவார். இசுட்டான்போர்டு இளைஞர்கள் எழுதிய காலத்திலேயே சான் கிளைன்பர்க்கு என்னும் அறிஞர் இன்னோர் உண்மையையும் எடுத்துக்காட்டினார்: நல்ல பக்கங்களைத் தேர்ந்து சுட்டும் பக்கத்துக்கும் தனியே ஒரு மதிப்பு உண்டு. ஆக, வெளித்தொடுப்பு வைப்பது தீது என்று அஞ்சிக் கதவையடைப்பதும் அறியாமையே. எதைத் தொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேடுபொறி வலிமை பெற்றபின் மாற்றுமுறையின் முகம் மாறிற்று. ஆள் வரவேண்டும் என்பது போய், பொறியின் கண்ணுக்குத் தொடுப்புத் தெரிந்தால் போதும் என்றாயிற்று. 'நண்பர்கள்', 'கூட்டாளிகள்' என்று பெயரிட்டு நூறு இருநூறு தொடுப்புகளை அடுக்கிய பக்கங்கள் எழுந்தன. மாந்தர் எவரும் அவற்றைப் படிப்பதில்லை. மதிப்பு 1 உள்ள பக்கம் நூறு தொடுப்பு வைத்தால், ஒவ்வொன்றுக்கும் சென்று சேர்வது 0.0085. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒரு பானை மோரைப் பங்கிட்டது போல! ஆதலால் மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கை பிறந்தது. மாற்றுவது போதாமல் விலைக்கு வாங்கலாயினர்.

2011 பிப்பிரவரியில் நியூயார்க்கு தைம்சு நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. சே.சி. பென்னி என்பது அமெரிக்காவின் பெரும் பல்பொருள் அங்காடிகளுள் ஒன்று. ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என எதைத் தேடினாலும் பல திங்களாகக் கூகுளில் அந்நிறுவனமே முதலாவதாக வந்து நின்றது. இதழாளர் ஆராய்வித்தபோது, தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்குத் தொடுப்புகள் வைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கைவிடப்பட்ட தளங்கள், ஆடைக்கும் விரிப்புக்கும் எவ்வகையிலும் உறவில்லாத தளங்கள்! கூகுள் கையாலேயே அதனைத் தள்ளிற்று. ஒரு குறிப்பிட்ட பயணப்பெட்டியின் பெயரைத் தேடினால் மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் நின்ற தளம், இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போயிற்று. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது அங்காடி. தேடுபொறிப் பணிக்கு அமர்த்தியிருந்த குழுவை நீக்கியும் விட்டது. பெருங்கடை, தாங்கிக்கொண்டது. ஒன்பது நூல் அச்சிட்டவர் தாங்குவாரா?

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது அடுத்த நிகழ்ச்சி. பாடல் வரிகளுக்கு விளக்கம் எழுதும் 'இரேப்பு சீனியசு' என்னும் தளம் 2013 திசம்பரில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. தளம் நடத்துவோர் தம் கட்டுரையின் அடியில், இன்ன இன்ன பாடல்களுக்கு எங்கள் பக்கத் தொடுப்பை வைத்தால், உங்கள் கட்டுரையை எங்களைப் பின்தொடரும் பல்லாயிரவர்க்கும் அறிவிப்போம் என்பது அதன் சாரம். பணம் இல்லை; தொடுப்புக்கு மாறாக அறிவிப்பு. கட்டுரை எதைப் பற்றியதானாலும் அத்தொடுப்புகள் இருக்கவேண்டும். ஒருவர் அம்மடலை வெளியிட்டுவிட்டார். அத்திங்கள் 25ஆம் நாள் அத்தளம் கூகுளின் முன்பக்கங்களிலிருந்து மறைந்தது. தன் பெயரைத் தேடினாலும் முதலில் வரவில்லை. பத்து நாள் அவர்கள் அல்லும் பகலும் அமர்ந்து, தம்மைத் தொடுத்த பக்கங்களையெல்லாம் திரட்டி, ஐயத்துக்குரியவற்றை நீக்கச் சொல்லியும் தள்ளி வைத்தும் தூய்மை செய்தபின், 2014 சனவரி 4ஆம் நாள் மீண்டனர். பணம் கைமாறவில்லை என்பது அவர்களைக் காக்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடுபொறியின் நெறிமுறை ஏட்டில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. 'என்னைத் தொடு, நான் உன்னைத் தொடுகிறேன்' என்னும் வகையில் அளவுக்கு மிஞ்சிய மாற்றுத் தொடுப்புகளும், அதற்காகவே அமைக்கப்பட்ட கூட்டாளிப் பக்கங்களும் குற்றம் என்பது அதன் கருத்து. 'அளவுக்கு மிஞ்சிய' என்னும் அடைமொழியைக் கவனியுங்கள். இரு தளங்கள் ஒன்றையொன்று சுட்டுவதே குற்றம் என்று அவ்வேடு கூறவில்லை, கூறவும் இயலாது. ஏக்ரெவ்சு என்னும் தொடுப்பாய்வு நிறுவனம் 1,40,000க்கு மேற்பட்ட தளங்களை எண்ணிப் பார்த்தபோது, அவற்றுள் 73.6 விழுக்காடு தளங்களில் மாற்றுத் தொடுப்பு ஏதேனும் இருந்தது. ஒரே துறையில் உழைப்போர் ஒருவரையொருவர் சுட்டாமல் எப்படி இருப்பர்? சொற்பிறப்பு ஆராய்வார் இருவர் ஒருவர் கட்டுரையை ஒருவர் எடுத்தாள்வது உடன்படிக்கையன்று, உழைப்பின் இயல்பு.

2012 ஏப்பிரல் 24ஆம் நாள் 'பெங்குவின்' என்னும் பெயரில் கூகுள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 விழுக்காட்டை அது தொட்டதாக அவர்களே கூறினர். செயற்கைத் தொடுப்புகளை நம்பியிருந்த தளங்கள் ஒரே நாளில் சரிந்தன. வேண்டாத தொடுப்புகளை 'இவை எமக்குரியனவல்ல' என்று தள்ளிவைக்கும் கருவியை அவ்வாண்டு அக்குதோபரில்தான் கொடுத்தனர். 2016 செப்தம்பர் முதல் நிலை சற்று மாறியது. அத்தகைய தொடுப்பால் தளம் முழுவதையும் ஒறுப்பதைவிட, அத்தொடுப்பைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதே பெருவழக்காயிற்று. ஆக, இன்று 41 தளங்களோடு மாற்றிக்கொண்டால், பெரும்பாலும் நேர்வது என்ன? தலை போகாது, ஆனால் ஒன்றும் கிடைக்காது. தலை போவதும் சிலருக்கு நேரும். கையால் தள்ளும் வழக்கம் ஒழியவில்லை.

உருசிய நாட்டில் நடந்ததையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள யாண்டெக்சு என்னும் தேடுபொறி, தொடுப்பு வணிகம் மலிந்து போனமையால், 2014இல் மாசுக்கோ வட்டாரத்தில் சில வணிகத் தேடல்களுக்குத் தொடுப்பை எண்ணுவதையே விட்டுவிட்டது. அப்படியும் விற்பதும் வாங்குவதும் ஓயவில்லை. 2015இல் மீண்டும் தொடுப்பை எண்ணத் தொடங்கியது. இம்முறை, விலைத் தொடுப்பு மிகுந்த தளங்களைக் கீழே தள்ளுவதற்காக!

இதுவரை பிறர் கதை. என் கதையும் ஒன்று உண்டு. சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சொற்றொகைத் தளம் நடத்திவந்தேன். ஒரு தொடுப்பு வளையத்தில் சேரும்படி அழைப்பு வந்தது, சேர்ந்தேன். முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களை என் பக்கத்தின் அடியில் அடுக்கினேன். முதற்கிழமையில் வருகை கூடியது போல் தோன்றிற்று, மகிழ்ந்தேன். பின்னர்த்தான் பார்த்தேன்: வந்தவர் அனைவரும் அவ்வளையத்தின் உறுப்பினர்களே! தம் தொடுப்பை நான் வைத்திருக்கிறேனா என்று எட்டிப்பார்த்துப் போனவர்கள். மொய் எழுதியவர் நம் வீட்டு ஏட்டில் தம் பெயர் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது போல. ஒருவரேனும் ஒரு சொல்லைப் படித்தாரில்லை.

அதோடு போயிருந்தால் நன்று. இரண்டு ஆண்டு கழித்து ஒரு பள்ளியாசிரியை மடல் எழுதினார்: 'ஐயா, உங்கள் தளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அடியிலிருந்த ஒரு பெயரை ஒரு சிறுமி அழுத்தினாள். சூதாட்டப் பக்கம் திறந்தது.' வளையத்து உறுப்பினர் ஒருவர் தம் தளப்பெயரைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். அதனை வேறு எவனோ வாங்கிச் சூதாட்டக் கடை திறந்துவிட்டான். என் பக்கத்தில் என் சான்றோடு அது நின்றுகொண்டிருந்தது. அன்றிரவே அப்பட்டியலை முழுவதும் அழித்தேன். அவ்வாசிரியைக்கு என்ன விடை எழுதுவது என்றுதான் நெடுநேரம் தெரியவில்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டில் இல்லாமற் போயின என்று பியூ ஆய்வு நடுவம் 2024இல் கண்டறிந்தது. தொடுப்பு வைப்பது ஒரு நாள் வேலை. அது செல்லுமிடம் இன்னும் நல்லிடந்தானா என்று பார்ப்பது வாழ்நாள் வேலை. 41 தொடுப்புகளுக்கு அவ்வேலையைச் செய்ய நம் இளைஞருக்குப் பொழுது ஏது?

அப்படியானால் ஒரு தொடுப்பு உதவிற்றா, கெடுத்ததா என்று எப்படி அறிவது? இதுதான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய பகுதி. உங்கள் தளத்தைத் தாங்கும் வழங்கிக் கணினி ஒரு பதிவேடு வைத்திருக்கும். யார் எந்நேரம் எப்பக்கத்தைக் கேட்டார், எத்தளத்தின் வழியாக வந்தார் என்பவை அதில் இருக்கும். (வந்த வழியைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல்லை 1996ஆம் ஆண்டு நெறியேட்டில் ஓர் எழுத்தைக் குறைத்துப் பிழையாக எழுதிவிட்டனர், உலகக் கணினிகளெல்லாம் இன்றும் அப்பிழையையே எழுதிவருகின்றன! நம் சொல்லாக்கத்தில் ஒரு சந்திப்பிழை கண்டால் நகைப்போர் இதையும் அறிக.) இப்போதுள்ள உலாவிகள் பெரும்பாலும் வந்த தளத்தின் பெயரை மட்டும் தரும், பக்கத்தைத் தாரா. நமக்கு அதுவே போதும்.

தொடுப்பு வைப்பதற்கு முன் மூன்று திங்கள் கணக்கை எடுத்து வையுங்கள். தொடுப்பு வைத்த நாளைக் குறியுங்கள். அம்மூன்று திங்களில் தளத்தில் வேறெதையும் மாற்றாதீர்கள். புதுநூல் வெளியிட்டுவிட்டு, அதனால் வந்த கூட்டத்தைத் தொடுப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பிறகு இரண்டைத் தனித்தனியே பாருங்கள். ஒன்று, அத்தளம் வழியாக நேரே வந்தவர். அவர் எத்தனை பேர் என்பதைவிட, வந்தவர் இரண்டாம் பக்கத்தைத் திறந்தாரா என்பதே கேள்வி. திறக்காதவர் நூறு பேர் வந்தும் பயனில்லை. திறந்து ஒரு நூல் வாங்கியவர் ஒருவர் வந்தாலும் அத்தொடுப்பு தன் கடனைத் தீர்த்துவிட்டது. மற்றொன்று, தேடுபொறி வழியாக வந்தவர். இதைக் கணிப்பது கடினம். தேடுபொறியே ஆண்டில் பல முறை தன் முறைகளை மாற்றுகிறது. பள்ளி திறக்கும் திங்களில் ஒரு கணக்கு, விடுமுறையில் ஒரு கணக்கு. ஆதலால், ஒன்பது நூற்பக்கங்களுள் நான்குக்கு மட்டும் தொடுப்புப் பெற்று, ஐந்தை அப்படியே விட்டுவிடுங்கள். இரு குழுவும் ஒன்றாக ஏறினால் அது தொடுப்பின் வேலையன்று, பருவத்தின் வேலை. நான்கு மட்டும் ஏறினால் எண்ணிப் பார்க்கலாம். இதுவும் முழுச்சான்று ஆகாது. எண்ணிக்கை சிறிதாயிருக்கும்போது நாலைந்து பேர் கூடுவதும் குறைவதும் தற்செயலே.

எண்ணத் தொடங்குவதற்கு முன்பே கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. கூகுளே தன் பழைய வழிகாட்டியில் தளம் நடத்துவோரைக் கேட்ட வினாதான்: தேடுபொறி என ஒன்று இல்லாவிட்டாலும் இதைச் செய்வீர்களா? கடன் தரும் தளத்துக்கும் பல் மருத்துவத் தளத்துக்கும் பழந்தமிழ் நூற்கடையின் முகப்பில் என்ன வேலை?

நம் இளைஞரோடு உட்கார்ந்து, அந்த 41 பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஏறத்தாழ ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. பயணச்சீட்டு, வட்டிக்கடன், எடை குறைக்கும் மருந்து, வீட்டுமனை. ஆறு தளங்கள் திறக்கவே இல்லை. மூன்று மட்டும் வேறு வகையாயிருந்தன. ஒன்று ஓலைச்சுவடிகளைப் பற்றி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதுவது. ஒன்று பழைய அச்சகங்களின் வரலாறு. ஒன்று ஒரு சிற்றூர் நூலகத்தின் நூற்பட்டியல். இம்மூவரும் எப்படி அக்கூட்டத்தில் மாட்டினர் என்று தெரியவில்லை. அவர்களுக்கும் இதே மடல் வந்திருக்க வேண்டும்.

மடல் விடுத்தவர்க்கு 'இயலாது' என்று இரண்டு வரியில் விடை போயிற்று. அம்மூன்று தளங்களுக்கும் இவர் தாமாகவே தொடுப்பு வைத்துவிட்டார். முகப்பின் அடியிலன்று, உரிய நூற்பக்கத்தில், 'இந்நூலின் முதற்பதிப்பு அச்சான அச்சகத்தைப் பற்றி இங்கே படிக்கலாம்' என்பது போல ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி. திரும்பத் தொடுக்கும்படி எவரையும் கேட்கவில்லை. வைத்திருப்பதை அறிவித்து மடல் மட்டும் எழுதினார். ஓலைச்சுவடி ஆசிரியர் நேற்று விடை எழுதியிருக்கிறார். தொடுப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் நூலின் 46ஆம் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழை இருப்பதைச் சுட்டி, இரண்டு படிகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.